பத்தொன்பது வயது முகம்

உள்ளே வந்ததும் சுறா கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். மேசையில் குனிந்திருந்தவளின் பென்சில் நின்றது. இத்தனை வருடங்களாக வருகிறவர், ஒரு தடவைகூட அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டதில்லை.

“காத்தடிக்குது. தாளெல்லாம் பறக்கும்” என்றார். சன்னல் திரை அசையவேயில்லை.

“உட்காருங்கண்ணே.”

“உட்கார வரல. படம் முடிஞ்சுதா?”

சுறா என்பது தீவு வைத்த பெயர். விசைப்படகு ஓட்டுபவர். போன மாதம் வாய்த்தகராறில் ஒருவனைப் படகுத்துறையிலிருந்து தண்ணீரில் தள்ளினார். நீந்தத் தெரியுமா என்று தள்ளிய பிறகுதான் கேட்டார்.

அவருடைய ஒரே மகன் ஏழு வயதில் அக்கரைப் பேருந்து நிலையக் கூட்டத்தில் தொலைந்துபோனான். இருந்தால் இப்போது பத்தொன்பது. குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் போட்டு அனுப்பிப் பிழைக்கிற அவள், ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அந்த முகத்துக்கு ஒரு வயதைக் கூட்டி வரைந்து தருவாள். சுறா அதை அச்சடித்து, அக்கரையில் ஊர் ஊராகப் போய் ஒட்டுவார்.

வயதைக் கூட்டி வரைய, பெற்றோரின் இளவயதுப் படங்கள் வேண்டும். சுறா மனைவியின் படத்தைக் கொண்டுவந்தார், மைத்துனரின் படத்தைக்கூடத் தேடிக் கொண்டுவந்தார். “எனக்கு ஏதும்மா போட்டோ” என்றார். கழுத்தில் தொங்கிய படகோட்டி அட்டையில் இருபது வயதுச் சுறா முறைத்துக்கொண்டிருந்ததை அவள் அன்றைக்கே பார்த்தாள். முரட்டு மனிதர்களுக்கு உள்ள கூச்சம் என்று விட்டுவிட்டாள்.

இந்த வருடம்தான் வினை வந்தது. கன்னத்துச் சதையைக் குறைத்து எலும்பை வளர்த்தபோது தாடை ஒடுங்கி நீண்டது, புருவங்கள் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டன. நிமிர்ந்து பார்த்தாள். படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவர், இருபத்தைந்து வயது குறைந்து, தாளிலிருந்து பார்த்தார். தீவில் யார் அக்கரைக்குப் போனாலும் அந்த முகத்துக்கு முன்னால் குனிந்து சில்லறை கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

தற்செயல் என்றுதான் நினைத்தாள், முந்தாநாள் சுறாவின் மனைவி வந்து படத்தைப் பார்க்கும் வரை. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“தாடையை மட்டும் அவரோடது மாதிரி அகலமாக்கிடும்மா. அவரு இதைப் பார்த்தா என்னை உயிரோட விடமாட்டாரு.”

அகலமாக்கினாள். புருவங்களைப் பிரித்தாள். புதுத் தாளில் சுறாவின் சாயலை ஏற்றிவிட்டு, முதல் படத்தை வரைபலகைக்கு அடியில் தள்ளினாள்.

இப்போது அந்தப் புதுத் தாளைச் சுறா இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

“இந்தத் தாடை யாரோடது?”

“உங்களோடதுதான்ணே. வயசு ஏற ஏற அப்பா சாடை வந்துடும்.”

“போன வருஷம் வரலையே?”

“போன வருஷம் கன்னம் கொஞ்சம் உப்பலா போட்டிருந்தேன்.”

அவர் தாளின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். “ஒரு மூக்குக்கு நூறு தடவை அழிப்பே. என் சட்டையெல்லாம் ரப்பர் தூளாயிடும். இதுல அழிச்ச தடமே இல்ல. ஒண்ணைப் பார்த்து இன்னொண்ணு போட்டிருக்கே. மொதல்ல போட்டது எங்க?”

“கிழிச்சுட்டேன்ணே.”

“யாரு, நீயா? அரைக் கரடி போட்டுட்டு, அதையும் ஃபைல்ல வைக்கிற ஆளு!”

அவர் சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து வரைபலகையைத் தூக்கினார். அவள் தடுக்க நீட்டிய கை பாதியிலேயே நின்றுவிட்டது.

முதல் படத்தை எடுத்துக்கொண்டு சன்னல் வெளிச்சத்துக்குப் போனார். கீழே படகு வந்து நின்றிருந்தது. டிக்கெட் கொடுப்பவர் கவுன்டருக்கு வெளியே தலையை நீட்டி, வரிசையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். சுறா படத்தைப் பார்த்தார். சன்னலுக்கு வெளியே பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

அவளுடைய கைபேசி மேசையின் மறுமுனையில் கிடந்தது. அந்த அறையிலிருந்து அக்காவின் வீட்டுக்கு அவர் நடையில் நாலே நிமிடம். தாள் வெட்டும் கத்தி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். அவரும் கவனித்தார். எடுத்தார்.

“அண்ணே, வெறும் படம்ணே இது. என் கை தப்பா போட்டிருக்கும். அக்கா மேல கை வெச்சுடாதீங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கிறேன்.”

அகலத் தாடை போட்ட புதுப் படத்தை மேசையில் விரித்தார். மேலிருந்து கீழாக, அவசரமே இல்லாமல் இரண்டாகக் கிழித்தது கத்தி. அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது கத்தி பழைய இடத்தில் இருந்தது. முதல் படம் அவள் முன்னால் இருந்தது. அதன் ஓரச் சுருக்கத்தைச் சுறா உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார்.

“அவன் பொறந்தப்பவே எனக்குத் தெரியும், தங்கச்சி” என்றார், வெளியே கேட்காத குரலில். “என் தாடையை வெச்சு ஒட்டினா, என் புள்ளையை எவன் அடையாளம் காட்டுவான்?”