இரண்டாவது முகடு

கணினித் திரையில் ஏறி இறங்கிய கோட்டில் ஒரே ஒரு முகடுதான் தெரிந்தது. ஒரு முகடு என்றால் கரைசலில் ஒரு பொருள். ஆனால் அதன் வலது தோள் கொஞ்சம் புடைத்திருந்தது.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. மாத்திரைகளைச் சோதிக்கும் இந்த ஆய்வகத்தில் பதினாறு வருடமாக இருக்கிறேன். ஒரே போர்வைக்குள் இரண்டு பேர் படுத்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் இன்று கருவிக்குள் இருந்தது மாத்திரைக் கரைசல் இல்லை. என் மனைவி பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்த, பால் சேர்க்காத டீ.

பத்து நாளாக அந்த டீ கசக்கிறது. தினமும் பதினோரு மணிக்கு ஃபோன் செய்து, குடித்தாயிற்றா என்று வேறு கேட்கிறாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் இல்லாத அக்கறை! ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

நான் உள்ளே நுழைந்தால், தன் தம்பியோடு பேசிக்கொண்டிருப்பதைப் பாதியில் நிறுத்துகிறாள். வீட்டுப் பூட்டை இந்த வருடம் மூன்று முறை மாற்றிவிட்டேன். உள்ளே இருப்பவளுக்கு எந்தப் பூட்டைப் போடுவது?

அந்தப் புடைப்புக்குள் இரண்டு முகடு இருக்கிறது, பிரி என்று கணினியிடம் சொன்னேன். உடனே பிரித்துக் கொடுத்தது.

பக்கத்து மேசை மீசைக்காரன் எட்டிப் பார்த்தான். "ரெண்டு கேட்டா ரெண்டு தரும், அஞ்சு கேட்டா அஞ்சு தரும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ண்ணே."

இவனும் கூட்டோ?

ஆனால் அவன் சொன்னது சரி. வீட்டு டப்பாவிலிருந்து காகிதத்தில் மடித்து எடுத்து வந்த தூளில் நானே ஒரு டீ போட்டேன். அதன் கோட்டை அவள் டீயின் கோட்டிலிருந்து கழித்தேன். வெறும் டீ என்றால் மிச்சம் எதுவும் இருக்கக் கூடாது.

மிச்சம் இருந்தது. தனியாக, சுத்தமாக, ஒரு முகடு.

பாவி! இவளுக்கு நான் என்ன குறை வைத்தேன்?

எங்களிடம் உள்ள மருந்துகளின் கோடுகளோடு ஒப்பிட்டேன். ஒரு பெயர் வந்தது.

விஷம் இல்லை. எனக்குத் தெரிந்த பெயர்தான். போன மாதம் ஒரு டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை. யாரைப் பார்த்தாலும் வருகிற சந்தேகத்துக்கு என்றார். யாரிடம் காசு வாங்கினாய் என்று அவரிடம் கத்திவிட்டு வந்தேன். மாத்திரை அட்டையை அவள் கண்முன்னாலேயே குப்பையில் எறிந்தேன்.

அதைப் பொறுக்கி எடுத்து டீயில் கரைத்திருக்கிறாள்.

மணி பதினொன்று. ஃபோன் அடித்தது.

"டீ குடிச்சிட்டீங்களா?"

பத்து நாளாக அதைக் கள்ளக் குரல் என்று நினைத்திருந்தேன். அது பயந்த குரல்.

பிளாஸ்கில் இருந்ததை மூடியில் ஊற்றி ஒரே மூச்சில் குடித்தேன்.

"குடிச்சிட்டேன். நாளைக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடப் போடு."