ஒன்று கூடுதல்

லீட்ஸ் நகரக் கணினி வல்லுநர் சங்கத்தின் ஐம்பதாண்டு வரலாற்றை எழுதும் வேலை, புதுச் செயலாளர் பிரையனியின் தலையில் விழுந்தது. வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். 1991க்குப் பிறகு எல்லாக் கூட்டத்திலும் கையெழுத்துகளைவிட ஆள்கணக்கு ஒன்று கூடுதல்.

கூட்டம் தொடங்கும்போது வரிசையாக ஆளுக்கொரு எண் சொல்வது அங்கே வழக்கம். புரோகிராம் எழுதுகிறவர்களாயிற்றே, பூஜ்யத்தில்தான் ஆரம்பம். கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் மொத்தத் தலை. இதை ஏற்படுத்தியவர் ஹெட்லி. 91இல் அவர் இறக்கும்வரை பூஜ்யம் அவருடையது.

சனிக்கிழமை மதியக் கூட்டத்தில் பிரையனி சிவப்புப் பேனாவோடு எழுந்தாள்.

"அவருக்கப்புறம் ஒண்ணுல ஆரம்பிக்கிறீங்க. ஆனா பழக்கதோஷத்துல கடைசியில இன்னும் ஒண்ணைக் கூட்டிடறீங்க. முப்பது வருஷமா தப்பு! திருத்திடட்டுமா?"

கிழவர் டெஸ்மண்ட் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். "பூஜ்யம் யாரும் சொல்றதில்லன்னு யாரும்மா சொன்னா?"

"சரி, இப்ப எண்ணுங்க, பாப்போம்."

எல்லோரும் எதையோ கேட்பதுபோல் தலையைச் சாய்த்தார்கள். ஒருவர் உதடும் அசையவில்லை. பிறகு டெஸ்மண்ட் தலையாட்டிவிட்டு, "ஒண்ணு" என்றார்.

'பார்த்தீர்களா' என்பதுபோல் பிரையனி கையை விரித்தாள்.

டெஸ்மண்ட் பக்கத்துக் காலி நாற்காலியின் பக்கம் சாய்ந்தார். "கொஞ்சம் சத்தமா சொல்லுடா. புதுப் பொண்ணுக்குக் கேக்கலையாம்."

இந்த முறை பிரையனிக்கும் கேட்டது.