ஒரு பெல்ட் குறைகிறது

கார் டிக்கியைத் திறந்த கையோடு பிளாஸ்டிக் கவர்களைப் பல்லால் கிழிக்க ஆரம்பித்தார் பெயிண்டிங் கான்ட்ராக்டர் அருணகிரி. உள்ளே புத்தம்புது சேஃப்டி பெல்ட்டுகள். வாங்கிய நாளிலிருந்து வெளிச்சமே பார்க்காதவை.

"இன்னாடா வேடிக்கை பாத்துகினு கீறீங்க? ஆளுக்கு ஒண்ணு எடுத்து இடுப்புல மாட்டுங்கடா! ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள எல்லாரும் மாட்டியிருக்கணும்!"

படூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்கம். ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கிய சவுக்குக் கட்டைச் சாரத்தின் கீழே, மணல் குவியல் மேல் ஓர் ஆள் கிடந்தான். இருபது லிட்டர் பெயிண்ட் வாளி மொத்தமும் அவன்மேல் கவிழ்ந்து தலை, முகம், சட்டை, பேன்ட் எல்லாம் ஒரே சந்தன நிறம். கண்ணைத் திறக்க முடியாமல் முனகிக்கொண்டிருந்தான்.

வாட்ச்மேன் ஜெரோம் போன் செய்தபோது அருணகிரி கேளம்பாக்கத்தில் இரண்டாவது வடையில் இருந்தார். "சார், சாரத்துல பலகை உருவி ஒருத்தர் விழுந்துட்டாரு. நூத்தியெட்டுக்குச் சொல்லிட்டேன்."

அருணகிரிக்கு உடனே ஞாபகம் வந்தது, விழுந்தவனின் கையோ காலோ அல்ல. போன மாதம் தொழிலாளர் துறை ஆய்வாளரிடமிருந்து தபாலில் வந்த நோட்டீஸ். 'உயரத்தில் வேலை செய்வோருக்கு பெல்ட் இல்லை. அபராதம் ஐம்பதாயிரம். எந்த நாளும் மறு ஆய்வு நடக்கும். மீண்டும் தவறினால் லைசென்ஸ் ரத்து.' அடியில் தேள் கொடுக்கு மாதிரி வளைந்த, பச்சை மைக் கையெழுத்து.

அபராதத்தைக் கட்டினார். ஆளுக்கு ஒன்று என்று எட்டு பெல்ட்டும் வாங்கினார். வாங்கி, டிக்கியில் வைத்துப் பூட்டினார். 'இதுங்க கைல குடுத்தா ஒரே வாரத்துல நாறடிச்சிடும்' என்பது அவர் கட்சி. லைசென்ஸ் போனால் அடுத்த வாரம் தொடங்கவேண்டிய மாமல்லபுரம் ரிசார்ட் வேலையும் போகும். அந்த ஒரே வேலையை நம்பித்தான் இந்தக் காரே ஓடுகிறது.

"அண்ணாத்த, ஒரு நிமிஷம்..." என்று முன்னால் வந்தார் மூத்த பெயிண்டர் வாசுதேவன். "இவரு வந்து..."

"வாயைத் தொறந்தே, பட்டி வெச்சுப் பூசிடுவேன். மாட்றா!"

வாசுதேவன் மாட்டிக்கொண்டார். அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

"கீழ நின்னு பெயிண்ட் கலக்கற எனுக்கு எதுக்கு சார் பெல்ட்டு?" என்றாள் சின்னப்பொண்ணு.

"எவனாச்சும் வந்து எண்ணினா எல்லார் இடுப்புலயும் இருக்கணும். கேள்வி கேக்காத, கட்டு."

அவளும் கட்டிக்கொண்டாள். அருணகிரி டிக்கிக்குள் கைவிட்டுத் துழாவினார். காலி. கீழே கிடந்தவன் இடுப்பில் மாட்ட பெல்ட் இல்லை.

"எட்டு வாங்கினேன்டா! எப்படி ஒண்ணு குறையும்? திருட்டுப் பசங்களா, எவன்டா எடுத்து வித்தது?"

"டிக்கி சாவி உங்க கைலதான சார் கீது?" என்றாள் சின்னப்பொண்ணு.

பின்னால் யாரோ இருமினார்கள். அந்த இருமலில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது.

"கழட்டுடி உன் பெல்ட்டை!" அவள் இடுப்பிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, மணலில் மண்டியிட்டார். வளைந்து கிடந்த காலைப் பார்த்தாலே ஒடிந்தது தெரிந்தது. அதைத் தாண்டிக் கைவிட்டு, ஆளைப் புரட்டி, வாரை இழுத்து மாட்டினார்.

"தண்ணி..." என்றது சந்தன நிற முகம்.

"தண்ணி அப்பால. மொதல்ல இடுப்பைத் தூக்கு. சரக்கு போட்டுக்கினு ஏறிக்கீது பாரு, நாயி! இதுங்களால எனுக்குப் பேஜாரு."

கொக்கி மாட்டியாயிற்று. அடுத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் வெளியே வந்தது. டைப் அடித்துத் தயாராக வைத்திருப்பார். 'முதலாளி பெல்ட் கொடுத்தார். கொக்கியைக் கயிற்றில் மாட்டாமல் ஏறியது என் தவறு. அவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.' பெயருக்கு மட்டும் இடம் காலி.

"இவன் பேரு இன்னாடா?"

வாசுதேவன் தன் பெல்ட் கொக்கியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணா வேலை செய்யறீங்க, பேரு தெரியாதா?"

"எங்க பேரு மட்டும் உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றாள் சின்னப்பொண்ணு.

"தெரிஞ்சு நான் இன்னா, உங்களுக்கு ரேஷன் கார்டா குடுக்கப் போறேன்? பேரை அப்பால எழுதிக்கலாம், கைநாட்டு போதும்."

ஓ.எம்.ஆர். பக்கமிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அருணகிரி காரிலிருந்த மைப்பெட்டியை எடுத்து வந்தார். கிடந்தவனின் கட்டைவிரலைப் பிடித்து, பெயிண்டைத் தன் கர்ச்சீப்பால் துடைத்தார். அன்று அந்த ஆளுக்கு அவர் செய்த ஒரே பணிவிடை அதுதான்.

அப்போதுதான் தலையைத் தூக்கி, சுவரோரம் வரிசையாக நின்றவர்களைப் பார்த்தார். ஏதோ இடித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர்களை எண்ணினார். ஐந்து, ஆறு, ஏழு... பெல்ட் இல்லாமல் நின்ற சின்னப்பொண்ணோடு எட்டு.

எட்டுப் பேரும் அங்கேயே நின்றார்கள்.

பிடியிலிருந்த கட்டைவிரல் மெல்ல நழுவியது. சந்தன நிற முகத்தில் இரண்டு கண்கள் திறந்தன.

"கைநாட்டு எதுக்கு அருணகிரி? என் சட்டைப் பாக்கெட்டுல பச்சை மைப் பேனா இருக்கு, எடு."