கடைசிக் கதவு

“உங்களுக்கு வீடு கொடுத்ததே பெரிசு. இதுல நாய் வேறயா?”

மொட்டை மாடிக் கூட்டத்துல செகரட்டரி குரலை உயர்த்தினார். முப்பது வருஷம் ஆபீசரா இருந்தவர். குரல் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகலை.

எதிர்ல நின்னது தச்சர். அவரு ஊர்ல சண்டை. உயிர் தப்பி, மனைவி, ஒன்பது வயசு மகள், ஒரு கறுப்பு நாயோட எங்க குடியிருப்புக்கு வந்து இருபது நாள் ஆகுது. அந்தப் பொண்ணு நாயைத் ‘தம்பி’ன்னுதான் கூப்பிடும்.

தம்பி பகல் பூரா பரம சாது. காலையில ஆறரைக்குப் பக்கத்து ஆலையில சங்கு ஊதினா போதும், பேய் பிடிச்ச மாதிரி படி ஏறி இறங்கி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் பிறாண்டும். நாம கதவைத் திறந்து ‘சூ’ன்னு விரட்டினாத்தான் அடுத்த வீட்டுக்குப் போகும்.

“கட்டிப்போட வேண்டியதுதானே?” மூணாவது மாடி டீச்சரம்மா கேட்டாங்க.

“படிக்கட்டுக் கீழ கட்டித்தான் போடறேம்மா. கயித்தைக் கடிச்சுட்டு ஓடிடுது. கதவையெல்லாம் நானே இழைச்சு வார்னிஷ் அடிச்சுத் தந்துடறேன்.”

“எத்தனை தடவை அடிப்பே?” செகரட்டரி எகிறினார். “மத்தவங்க கதவுல நாலு கீறல்னா என் கதவுல நாப்பது! தேக்குய்யா அது!”

“நீங்களும் திறந்து விரட்டிடலாமே சார்?” தச்சர் கேட்டார்.

“ஒரு நாய்க்காக நான் எழுந்து வந்து கதவைத் திறக்கணுமா? உள்ளேயிருந்தே சத்தம் போடுவேன். திறக்க மாட்டேன். என் கதவு, என் இஷ்டம்!”

வீம்புன்னா அப்படி ஒரு வீம்பு.

“இன்னொரு கூத்தைக் கேளுங்க. இவங்க வீட்டுக் கதவுல மட்டும் ஒரு கீறல் கிடையாது! தன் கதவு பளபளன்னு இருக்கணும், ஊரான் கதவு எக்கேடு கெட்டா என்ன? எல்லாம் பழக்கி விட்டதுதான்!”

கூட்டத்துல சலசலப்பு. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, பொய் சொல்வானேன்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள நாய் போகணும். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணுங்க.”

தச்சர் தலை குனிஞ்சார். பொண்ணு முன்னாடி வந்துச்சு. “பேசாம இரும்மா”ன்னு அவர் பிடிச்ச கையை உருவிக்கிட்டது.

“ஆமா மாமா. நானும் அப்பாவும்தான் பழக்கினோம்.”

“பார்த்தீங்களா!”

“எங்க ஊர்ல சங்கு ஊதினா குண்டு விழப்போகுதுன்னு அர்த்தம். உடனே பதுங்கு குழிக்கு ஓடணும். தூங்கறவங்க, காது மந்தமானவங்க எல்லாரையும் தம்பிதான் கதவைப் பிறாண்டி எழுப்பும். கதவு திறந்தாத்தான் நகரும். எங்க தெருவுல பதினாறு வீடு. ஒருத்தரைக்கூட அது விட்டதில்லை.”

தச்சர் நிமிர்ந்தார். மனுஷன் இவ்வளவு உயரம்னு இருபது நாளா எனக்குத் தெரியவே இல்லை.

“அதெல்லாம் சரி, உங்க கதவு?” செகரட்டரி விடலை.

“எங்க கதவுதான் கடைசி மாமா. எல்லாரும் வெளியே வந்த பிறகுதான் எங்களைக் கூப்பிடணும்னு அப்பா பழக்கியிருக்கார். இங்கே தினமும் மத்த கதவெல்லாம் முடிச்சுட்டு உங்க வாசல்லயே நின்னுடுது, நான் வந்துதான் தூக்கிட்டுப் போறேன். நீங்க ஒருத்தர் இன்னும் திறக்கலையே, அது எப்படி உங்களை விட்டுட்டு எங்க கதவுக்கு வரும்?”