பளபளக்கும் தகடுகள்

பெட்டி எழுபத்திரண்டு மணி நேரம் ஓடி முடித்த அந்தக் காலையில் அதன் தகடுகளில் ஒரு பொட்டுத் தூசிகூட இல்லை. நேற்றுக் காலையும் முந்தாநாள் காலையும் இதே கதைதான்.

மாமனாரின் தச்சுப் பட்டறைக்காக அவளே செய்த, தூசி பிடிக்கும் பெட்டி அது. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி பறக்கும் தூசிக்கு மின்னூட்டம் கொடுக்கும். எதிரே நிற்கும் தகடுகள் அதை இழுத்துக்கொள்ளும். பத்து மணிக்கு ஆய்வக இயக்குநர் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் அவளுக்கு அங்கே வேலை.

"வர வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றாள் கணவனிடம்.

"அப்பா மூணு நாளா இருமவே இல்லையே, கவனிச்சியா?"

"மழை பெய்யுது, அதனால இருக்கும். தகடு பொய் சொல்லாதுங்க. வாங்கின அன்னைக்கு இருந்ததைவிடப் பளபளன்னு இருக்கு, பாருங்க."

அவள் கைப்பேசியை எடுத்தாள். மரம் இழைத்துக்கொண்டிருந்த இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு மாமனார் பதறி எழுந்து வந்தார்.

"ஏம்மா வர வேண்டாம்? அவங்க வர்றாங்கன்னுதானே நான் இந்தப் பாடு படறேன்!"

"நீங்க என்ன மாமா பண்ணீங்க?"

"உன் மெஷினைக் குறை சொல்றேன்னு நெனைக்காதே. எங்கேருந்துதான் வருதோ, விடிஞ்சா தகடு பூரா மரத்தூள் அப்பிக் கெடக்கு. வர்றவங்க முகம் சுளிக்கக் கூடாதேன்னு, தினமும் நீ எழுந்திரிக்கறதுக்குள்ள சுவிட்சை அணைச்சுட்டு, சோப்பு போட்டுக் கழுவித் தொடச்சு, மறுபடி சுவிட்சைப் போட்டு வைக்கிறதே நான்தாம்மா!"