பாதி வலி மார்ட்டெனுக்கு

ஜனநாயகத் தொண்டு நிறுவனத்தின் தேர்தல் கண்காணிப்பாளர் நிரஞ்சலாவின் கையில், வெளிநாட்டு எம்.பி.க்களோடு வலியைப் பங்குபோட வைக்கும் ஃபெலோஷிப் திட்டத்துக்காரர்கள் மாட்டிவிட்ட பட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அது எரியும்வரை அவள் படும் வலியில் பாதி, தன் ஊரில் அதே மாதிரிப் பட்டி அணிந்து அவளோடு இணைக்கப்பட்ட ஐரோப்பிய எம்.பி. மார்ட்டெனுக்குப் போய்விடும்.

வாக்குப்பெட்டியைக் கட்டிப்பிடித்திருந்தவளை, அதைப் பறிக்க வந்த நால்வர் சூழ்ந்தார்கள்.

"கோவிக்காதேங்கோ அக்கா. இந்த அடி உங்களுக்கில்ல, அந்த வெள்ளைக்காரனுக்கு," என்று ஒருவன் இரும்புக் குழாயை இறக்கினான்.

முழங்கை உடைந்தது. அடுத்த அடியில் விலா எலும்பு முறிந்தது. பாதி வலிதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பெட்டியை விடவில்லை.

"இன்னும் கொஞ்சம் தாங்குங்கோ, மார்ட்டென்," என்று முனகினாள்.

பச்சை விளக்கு அணைந்தது. முழு வலியும் வந்து இறங்க, முதல் தடவையாக அலறினாள்.

குழாய்க்காரன் குனிந்து பட்டியைப் பார்த்தான்.

"வெள்ளைக்காரன் தன்ர பட்டியைக் கழட்டிப்போட்டான் அக்கா," என்றான், உண்மையான வருத்தத்தோடு. "இனி விழுற அடியெல்லாம் உங்களுக்குத்தான்."