நழுவாத காசு
போக்குவரத்துக் காவலர் மரியதாஸுக்கு வலது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்து, இரண்டு பிளேட்டும் பன்னிரண்டு ஸ்க்ரூவும் வைத்திருந்தார்கள். “எலும்பு கூடிடுச்சு. ஆனா உள்ளங்கை முழுசா மல்லாக்கத் திரும்பணும். ஒரு காசு வச்சா நழுவாம நிக்கணும். இல்லன்னா மறுபடியும் திறக்க வேண்டியதுதான்” என்றார் டாக்டர் சுகிர்தா. அன்றிலிருந்து சிக்னலில் ஓய்ந்த நேரமெல்லாம் மரியதாஸ் முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு உள்ளங்கையைத் திருப்பிப் பழகினார். வைத்த காசெல்லாம் தார்ச்சாலையில் விழுந்தது. மூன்றாம் மாதம் ஒருநாள், ஹெல்மெட் போடாத ஒருவர் அந்தக் கையைப் பார்த்ததும் தானாகவே வண்டியை ஓரங்கட்டினார். “இவ்ளோதான் சார் இருக்கு” என்று அந்த உள்ளங்கையில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்தார். நாணயம் நழுவவில்லை. மரியதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. “நிக்குதுய்யா! நீ நல்லா இருக்கணும்யா!” என்றவர், இடது கையால் அதைப் படமெடுத்து, ‘எல்லாம் உங்க புண்ணியம் டாக்டரம்மா’ என்று எழுதி அனுப்பினார். பிறகு நாணயத்தை, வைத்தவரிடமே திருப்பி நீட்டினார்.

வண்டிக்காரரின் முகம் வெளுத்தது.

“பத்தலீங்களா சார்?”